மாற்றியமைத்த ஆர்.சி. டிரக்குகளுக்கு பக்கி பந்தயத்தில் இடம் உண்டா? அளவு, எடை, விதிகள் குறித்த முழு விளக்கம்

கையடக்க டிரான்ஸ்மிட்டர் மூலம் தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆர்.சி. வாகனங்களின் மண் தடப் பந்தயத்தில் முதன்மையான இடத்தைப் பெற்றிருப்பது 'பக்கி' எனப்படும் திறந்த சக்கர வாகனம். அதே தடத்தில், அகன்ற அமைப்பும் பெரிய டயர்களும் கொண்ட டிரக்குகளும் ஓடுகின்றன. பெரிய போட்டிகளில் இவ்விரண்டும் தனித்தனிப் பிரிவுகள். ஆனால் போட்டியாளர் எண்ணிக்கை குறைந்த கிளப்களில், டிரக் வைத்திருப்பவர் அதைச் சற்று மாற்றியமைத்து பக்கி பிரிவில் ஓட்ட அனுமதி கேட்பதும், பக்கி ஓட்டுநர்கள் அதை எதிர்ப்பதும் உலகெங்கும் தொடரும் வழக்கம்.

அனுமதித்தால் விதி நீர்த்துப்போகிறது. மறுத்தால் ஆர்வத்துடன் வந்த ஒருவர் பார்வையாளராகத் திரும்புகிறார். இவ்விரு இழப்புகளுக்கு இடையே கிளப் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டியுள்ளது. வாகனங்களின் வரலாறு, விதிகள், இயற்பியல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

பக்கி எது, டிரக் எது?

பாலைவன மணலில் ஓடும் உண்மையான 'டியூன் பக்கி' வாகனங்களை முன்மாதிரியாகக் கொண்டதே ஆர்.சி. பக்கி. நான்கு சக்கரங்களும் உடற்கூட்டுக்கு வெளியே தெரியும். ஒடுக்கமான மேலுடல், பின்புறம் உயர்ந்து நிற்கும் இறக்கை, தாழ்வான ஈர்ப்பு மையம் ஆகியவை இதன் அடையாளங்கள். 10-இல் 1 பங்கு அளவில் இருசக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் என இரு வகைகளும், 8-இல் 1 பங்கு அளவில் எரிபொருள் எஞ்சினிலோ மின் மோட்டாரிலோ ஓடும் வகைகளும் உள்ளன.

டிரக் என்ற பெயருக்குள் பல வாகனங்கள் அடங்கும். 'ஸ்டேடியம் டிரக்' என்பது பக்கியை விட அகலமானது. முன்னும் பின்னும் பெரிய டயர்களும் பிக்-அப் வண்டி போன்ற மேலுடலும் கொண்டது. அமெரிக்காவில் மிக்கி தாம்ப்சன் விளையாட்டு அரங்குகளுக்குள் நடத்திய டிரக் பந்தயங்களின் தாக்கத்தில் இப்பெயர் நிலைத்தது. 'ஷார்ட் கோர்ஸ் டிரக்' சக்கரங்களையும் மூடிய முழு உடற்கூடும் முன் பின் பம்பர்களும் கொண்டது. 8-இல் 1 பங்கு அளவில் டிரக், பக்கி என்ற இரு சொற்களையும் இணைத்து 'டிரக்கி' என்றே ஒரு வகை அழைக்கப்படுகிறது. பக்கியின் அடிப்படை அமைப்பில் நீண்ட சஸ்பென்ஷன் ஆர்ம்களையும் பெரிய சக்கரங்களையும் பொருத்தினால் கிடைப்பது அது.

'மான்ஸ்டர் டிரக்' பெரும்பாலும் பொழுதுபோக்குக்கும் சாகசத்துக்கும் வாங்கப்படுவது. ஆயினும் புதியவர் பலரின் முதல் வாகனம் அதுவாக இருப்பதால், பந்தயக் களத்தில் அனுமதி கேட்டு வரும் டிரக்குகளில் இதுவும் இடம்பெறுகிறது.

ஒரே சட்டகத்தில் பிறந்தவை

டிரக்கும் பக்கியும் முற்றிலும் வேறானவை என்ற வாதத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979-இல் சாண்ட் ஸ்கார்ச்சர், ரஃப் ரைடர் ஆகிய பக்கிகளை வெளியிட்டது. 1983-இல் அதே நிறுவனம் ஃப்ராக் என்ற பக்கியையும், சுபாரு பிராட் என்ற பிக்-அப் வண்டியையும் ஒரே அடிப்படைச் சட்டகத்தில் அமைத்து விற்றது. 1986-இல் வந்த பிளாக்ஃபுட் என்ற பெரிய சக்கர டிரக்கும் அதன் வழி வந்ததே.

அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஆர்.சி.10 பக்கி, பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதாகப் புகழ்பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் ஆர்.சி.10டி டிரக்கையும், லோசி நிறுவனம் ஜே.ஆர்.எக்ஸ்-டி டிரக்கையும் களமிறக்கின. இரண்டுமே அந்தந்த நிறுவனத்தின் பக்கி வடிவமைப்பிலிருந்து கிளைத்தவை. ஸ்டேடியம் டிரக் பிரிவே பக்கியை மாற்றியமைத்ததன் விளைவு என்று கூறுவது மிகையன்று.

இன்றைய சந்தையிலும் இதே நிலை தொடர்கிறது. டிராக்ஸஸ் நிறுவனத்தின் பேண்டிட் பக்கி, ரஸ்ட்லர் ஸ்டேடியம் டிரக், ஸ்டாம்பீட் மான்ஸ்டர் டிரக் ஆகியவை பல உதிரி பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அர்மா நிறுவனத்தின் டைஃபான் பக்கியும், கிராட்டன் டிரக்கும் அவ்வாறே. எனவே 'பிறப்பால் டிரக்' என்ற அடிப்படையில் ஒரு வாகனத்தைத் தடுப்பது வலுவற்ற வாதமாகிறது.

விதிகள் பார்ப்பது பெயரை அல்ல

சர்வதேச அளவில் இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு 1979-இல் தொடங்கப்பட்ட 'இஃப்மார்'. வட அமெரிக்காவில் 1967-இல் உருவான 'ரோர்', ஐரோப்பாவில் 'எஃப்ரா' உள்ளிட்ட மண்டல அமைப்புகள் இதில் இணைந்துள்ளன. 10-இல் 1 பங்கு மின் வாகனங்களுக்கான முதல் உலக மண் தடப் போட்டி 1985-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடைபெற்றது. இருசக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சியும், நான்கு சக்கர இயக்கப் பிரிவில் கில் லோசி ஜூனியரும் வென்றனர். இரண்டுமே பக்கி பிரிவுகள்.

பக்கி என்பதை விதிகள் எண்களால் வரையறுக்கின்றன. 10-இல் 1 பங்கு பக்கியின் அகலம் 250 மில்லிமீட்டரையும், நீளம் 460 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது நெடுங்கால வரையறை. குறைந்தபட்ச எடை இருசக்கர இயக்கத்துக்கு 1,474 கிராம், நான்கு சக்கர இயக்கத்துக்கு 1,588 கிராம் என நீண்ட காலம் பின்பற்றப்பட்டது. 8-இல் 1 பங்கு பக்கிக்கு அதிகபட்ச அகலம் 310 மில்லிமீட்டர், குறைந்தபட்ச எடை 3,200 கிராம். அதன் எஞ்சின் கொள்ளளவு 3.5 கன சென்டிமீட்டர், எரிபொருள் தொட்டியின் அளவு 125 கன சென்டிமீட்டர் என்ற உச்சவரம்புகளும் உண்டு.

ஸ்டேடியம் டிரக்கின் அகலம் பொதுவாகச் சுமார் 325 மில்லிமீட்டர். 8-இல் 1 பங்கு டிரக்கியின் அகலம் சுமார் 420 மில்லிமீட்டர். அதாவது பக்கியின் வரம்பை இவை முறையே ஏறத்தாழ 75 மில்லிமீட்டரும் 110 மில்லிமீட்டரும் தாண்டுகின்றன. அளவீட்டின் சிறு பிழை என்று கடந்துவிடக்கூடிய வேறுபாடு அல்ல இது.

பந்தயத்துக்கு முன்னும் பின்னும் நடைபெறும் தொழில்நுட்பப் பரிசோதனையில், வாகனம் ஓடும் நிலையிலேயே அளவுச் சட்டத்துக்குள் செலுத்தியும் தராசில் வைத்தும் பார்க்கப்படுகிறது. அச்சட்டம் வாகனத்தின் பெட்டியில் அச்சிடப்பட்ட பெயரைக் கேட்பதில்லை. 250 மில்லிமீட்டர் இடைவெளியில் நுழைந்து, எடை வரம்பையும், மேலுடல், இறக்கை, டயர், மோட்டார், பேட்டரி தொடர்பான விதிகளையும் நிறைவுசெய்யும் வாகனம் அப்பிரிவுக்கு உரியது. முன்பு அது டிரக்காக இருந்தது என்பது தடையாகாது.

'மாடிஃபைடு' என்ற சொல் தரும் குழப்பம்

இவ்விவாதத்தில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் 'மாடிஃபைடு'. பொதுப் பேச்சில் இது மாற்றியமைக்கப்பட்ட வாகனத்தைக் குறிக்கும். பந்தய மொழியில் இது மோட்டாரைப் பற்றியது. மின் மோட்டாருக்குள் சுற்றப்பட்ட கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறைய, மோட்டாரின் வேகம் கூடும். 'ஸ்டாக்' பிரிவில் சுற்று எண்ணிக்கை நிர்ணயிக்கப்படும். இருசக்கர இயக்க பக்கிக்கு 17.5 சுற்று, நான்கு சக்கர இயக்கத்துக்கு 13.5 சுற்று என்பது பரவலான நடைமுறை. 'மாடிஃபைடு' பிரிவில் இந்த எண்ணிக்கையை ஓட்டுநரே தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே சட்டகம் மாற்றப்பட்ட டிரக், 17.5 சுற்று மோட்டாரைப் பொருத்தியிருந்தால் மோட்டார் விதியின்படி அது 'ஸ்டாக்' வாகனமே. மறுபுறம், கடையில் வாங்கியபடி எந்த மாற்றமும் செய்யப்படாத டிரக், வேகமான மோட்டாருடன் வந்திருந்தால் 'ஸ்டாக்' பிரிவில் அதற்கு இடமில்லை.

பேட்டரியும் கவனத்துக்குரியது. 10-இல் 1 பங்கு பக்கி பந்தயங்களில் 7.4 வோல்ட் கொண்ட இரு செல் லிபோ பேட்டரி பொதுவான வரம்பு. பொழுதுபோக்கு டிரக்குகள் சில 11.1 வோல்ட் கொண்ட மூன்று செல் பேட்டரியிலும் ஓடும் திறனுடன் விற்கப்படுகின்றன. மோட்டாரின் சுழற்சி மின்னழுத்தத்துக்கு ஏற்ப உயர்வதால், இந்த ஒரு மாற்றமே சுமை இல்லாத நிலையில் சுழற்சியை ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்த்திவிடும். அகலம் பற்றிய சர்ச்சையில் கவனம் செலுத்தி, பேட்டரியைப் பரிசோதிக்க மறக்கும் கிளப் பெரிய வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

அகலத்தால் கிடைப்பது என்ன?

வளைவில் திரும்பும்போது வாகனம் கவிழாமல் இருப்பது இரு அளவுகளைப் பொறுத்தது: சக்கரங்களுக்கு இடையிலான அகலம், ஈர்ப்பு மையத்தின் உயரம். அகலத்தை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால், கவிழாமல் தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது தோராயமாகக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 250 மில்லிமீட்டர் அகலமும் 60 மில்லிமீட்டர் ஈர்ப்பு மைய உயரமும் கொண்ட பக்கிக்கு இம்மதிப்பு 2.08. டிரக்கின் அகலம் 325 மில்லிமீட்டர், உயரம் அதே 60 மில்லிமீட்டர் என்றால் மதிப்பு 2.71 ஆக, அதாவது 30 விழுக்காடு உயரும். ஆனால் பெரிய டயர்கள் வாகனத்தையே மேலே தூக்கிவிடுகின்றன. உயரம் 70 மில்லிமீட்டர் ஆனால் மதிப்பு 2.32 தான், சாதகம் ஏறத்தாழ 11 விழுக்காடாகச் சுருங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. அகலம் உண்மையான சாதகமே என்பது ஒன்று. பெரிய டயர்களைக் கழற்றி பக்கியின் சிறிய டயர்களைப் பொருத்தி, அகலத்தை மட்டும் குறைக்காமல் வரும் வாகனமே மிகப் பெரிய சாதகத்தைப் பெறுகிறது என்பது மற்றொன்று. பார்வைக்கு பக்கியைப் போலத் தோன்றும் இந்த அரைகுறை மாற்றமே, முழு டிரக்கை விட நியாயமான போட்டிக்கு அதிகக் கேடு விளைவிக்கும்.

பெரிய டயர்களுக்கும் இரு முகங்கள் உண்டு. குழிகளும் தளர்ந்த மண்ணும் நிறைந்த தடத்தில், சிறிய டயர் விழுந்து எழும் பள்ளத்தைப் பெரிய டயர் கடந்துவிடும். ஆனால் சுழலும் எடை கூடுவதால் புறப்படும்போதும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் முடுக்கம் குறையும். தாண்டுதலின்போது வானில் இருக்கும் வாகனத்தின் மூக்கை முடுக்கத்தாலும் பிரேக்காலும் உயர்த்தித் தாழ்த்துவது ஓட்டுநரின் உத்தி. கனமான சக்கரங்களில் இதன் விளைவு கூடுதலாக இருக்கும். ஷார்ட் கோர்ஸ் டிரக்கின் முழு உடற்கூடு தாண்டும்போது அடியில் காற்றைத் தேக்கி வாகனத்தைத் தடுமாறச் செய்யும். அதற்காகவே பந்தய வீரர்கள் அதன் உடற்கூட்டில் துளைகள் வெட்டுவது வழக்கம்.

எனவே எது வேகமானது என்பதற்கு ஒரே விடை இல்லை. சீரான, பிடிப்பு மிகுந்த தடத்தில் பக்கி முந்தும். குண்டும் குழியுமான தடத்தில் டிரக்கின் குறைகள் மறையும்.

சுற்று நேரம் சமமானாலும் சிக்கல் தீராது

டிரக்கும் பக்கியும் ஒரு சுற்றை ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிக்கின்றன என்பதைக் காட்டி, இரண்டையும் சேர்க்கலாம் என்போர் உண்டு. இந்த வாதத்தில் ஒரு குறை இருக்கிறது. மொத்த நேரம் சமமாக இருந்தாலும், அதைப் பெறும் இடங்கள் வேறு. கரடுமுரடான நேர்பாதையில் டிரக் நெருங்கும். குறுகிய வளைவில் பக்கி விரைந்து திரும்பும். அவ்வளவில் முன்னே செல்லும் டிரக், 75 மில்லிமீட்டர் கூடுதல் அகலத்துடன் உட்புறப் பாதையை அடைத்து நின்றால், பின்னால் வரும் பக்கிக்குத் தன் வலிமையைக் காட்டும் ஒரே இடமும் பறிபோகிறது. அடுத்த நேர்பாதையில் டிரக் மீண்டும் விலகிச் செல்கிறது. பக்கி ஓட்டுநர்களின் அதிருப்திக்கு இதுவே முதன்மைக் காரணம்.

மோதலும் பாதுகாப்பும்

ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல் அதன் எடையுடன் நேர்விகிதத்தில் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 1.6 கிலோகிராம் பக்கியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 99 ஜூல். அதே வேகத்தில் 2.4 கிலோகிராம் டிரக்கின் ஆற்றல் 148 ஜூல். ஒன்றரை மடங்கு வேறுபாடு இது.

பக்கியின் சக்கரங்கள் திறந்த நிலையில் இருப்பதால் இந்த அடி சஸ்பென்ஷன் ஆர்மிலோ, முன்சக்கரத்தைத் திருப்பும் இணைப்பிலோ நேரடியாக விழுகிறது. டிரக்கின் பம்பர் அதே அடியைத் தாங்கிக்கொள்கிறது. 10-இல் 1 பங்கு மின் வாகனங்களின் உலகப் போட்டி இறுதிச் சுற்றுகளே ஒவ்வொன்றும் 5 நிமிடம் நடப்பவை. கிளப் பந்தயங்களும் பெரும்பாலும் இதே நீளம் கொண்டவை. 5 நிமிடப் பந்தயத்தில் ஓர் ஆர்ம் முறிந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

கவிழ்ந்த வாகனங்களை நிமிர்த்தும் 'மார்ஷல்' பணியும் கருத்தில் கொள்ளத்தக்கது. கிளப்களில் இப்பணியைச் செய்பவர்கள் பெரும்பாலும் முந்தைய சுற்றில் ஓடியவர்கள். அவர்களில் சிறுவர்களும் இருப்பர். தடத்தின் ஓரம் குனிந்து நிற்பவரின் கணுக்காலில் மோதும் வாகனம் எவ்வளவு கனமானது என்பது விதிப்புத்தக நுணுக்கம் அல்ல. 8-இல் 1 பங்கு வாகனங்களை 10-இல் 1 பங்கு வாகனங்களுடன் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது என்று கூறப்படுவதன் காரணமும் இதுவே.

ஸ்லாஷ் டிரக்கை பக்கியாக்கினால்?

டிராக்ஸஸ் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஸ்லாஷ், ஷார்ட் கோர்ஸ் பிரிவையே உருவாக்கிய வாகனம் எனப்படுகிறது. அதன் இருசக்கர இயக்க வகையின் நீளம் சுமார் 568 மில்லிமீட்டர், அகலம் சுமார் 296 மில்லிமீட்டர், சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 335 மில்லிமீட்டர். எடை 2 கிலோகிராமைத் தாண்டும்.

இதை பக்கி வரம்புக்குள் கொண்டுவர, அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் 23 மில்லிமீட்டர் குறைய வேண்டும். அதற்குக் குட்டையான சஸ்பென்ஷன் ஆர்ம்கள், அவற்றுக்கேற்ற அச்சுத் தண்டுகள், பக்கி சக்கரங்கள் தேவை. ஆர்மின் நீளம் மாறுவதால் ஷாக் அப்சார்பரின் நீளமும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மாற வேண்டும். டயரின் விட்டம் குறைவதால் பற்சக்கர விகிதத்தையும் திருத்த வேண்டும். பம்பர்களையும் முழு உடற்கூட்டையும் நீக்கி, பக்கி மேலுடலும் இறக்கையும் பொருத்தினால் நீளம் 460 மில்லிமீட்டருக்குள் அடங்க வாய்ப்புண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அதன் எடை, பந்தயத்துக்கென உருவாக்கப்பட்ட பக்கியை விடக் கூடுதலாகவே இருக்கும். நீண்ட அச்சு இடைவெளியால் குறுகிய வளைவுகளில் திரும்புவதும் தாமதமாகும். அதாவது, நேர்மையாக முழுமையாக மாற்றப்பட்ட டிரக் பக்கி பிரிவில் யாருடைய கோப்பையையும் பறித்துவிடுவதில்லை. விதிக்கு உட்பட்ட அந்த வாகனத்தைத் தடுப்பதால் பாதுகாக்கப்படுவதும் எதுவும் இல்லை.

ரஸ்ட்லர் போன்ற டிரக்குகளில் பணி எளிது. அவற்றின் உறவான பக்கி அதே நிறுவனத்திலிருந்து வருவதால், தேவையான பாகங்கள் பல அப்படியே பொருந்தும்.

இரு தரப்பு வாதங்கள்

சேர்க்க வேண்டும் என்போரின் முதன்மை வாதம் எண்ணிக்கை. மூன்று டிரக்குகளும் நான்கு பக்கிகளும் வந்த நாளில், இரு பிரிவுகளாகப் பிரித்தால் இரண்டுமே பந்தயமாகத் தோன்றாது. ஏழு வாகனங்கள் ஒன்றாக ஓடினால் போட்டி உண்டு. முதன்முறை வருபவர் பெரும்பாலும் கடையில் கண்ட டிரக்கையே வாங்கியிருப்பார். அவரைத் திருப்பி அனுப்பினால் அவர் பக்கி வாங்கிக்கொண்டு மீண்டும் வருவார் என்பதற்கு உறுதி இல்லை.

எதிர்ப்போர் முன்வைப்பது நம்பகத்தன்மை. விதியை மதித்து பக்கி வாங்கி, ஒவ்வொரு கிராமையும் மில்லிமீட்டரையும் கணக்கிட்டு வருபவரிடம், இன்று மட்டும் விதி தளர்த்தப்படுகிறது என்று கூறுவது அநீதி என்பது அவர்கள் கருத்து. ஒருமுறை தளர்த்தினால் அடுத்த வாரம் எது வரம்பு என்பதில் தெளிவு இருக்காது. பருவம் முழுவதும் புள்ளிகள் சேரும் தொடரில், டிரக்கிடம் இழந்த ஓர் இடம் ஆண்டின் முடிவில் சாம்பியன் பட்டத்தையே மாற்றக்கூடும்.

இரு வாதங்களும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை என்பது கூர்ந்து நோக்கினால் புலப்படும். முதல் தரப்பு கேட்பது தடத்தில் இடம். இரண்டாம் தரப்பு காப்பது முடிவுப் பட்டியல். ஒன்றை அளிப்பதற்கு மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை.

இந்தியச் சூழலில் செலவு

இந்தியாவில் இக்கேள்விக்குப் பொருளாதாரக் கோணமும் உண்டு. சிறு அளவு மாதிரி வாகனங்கள் சுங்கவரிப் பட்டியலில் பொம்மைகளுக்கான 9503 தலைப்பின் கீழ் இடம்பெறுகின்றன. இத்தலைப்புக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023 பட்ஜெட்டில் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. மற்ற வரிகள் நீங்கலாகக் கணக்கிட்டாலே, 20,000 ரூபாய் இறக்குமதி மதிப்புள்ள வாகனம் பழைய விகிதத்தில் 24,000 ரூபாயாகவும், 70 விழுக்காட்டு விகிதத்தில் 34,000 ரூபாயாகவும் ஆகிறது.

உள்நாட்டு பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட நடவடிக்கை இது. ஆனால் ஒரே பொழுதுபோக்குக்கு டிரக் ஒன்று, பக்கி ஒன்று என இரு வாகனங்கள் வாங்குவது பலருக்கு எட்டாத செலவாகிறது. கையிலுள்ள டிரக்கை உதிரி பாகங்களால் மாற்றிக்கொள்வதே இயல்பான வழி. பிரிவுகளைக் கடுமையாகப் பிரிக்கும் அமெரிக்க நடைமுறையை எண்ணிக்கை குறைந்த இடத்தில் அப்படியே பின்பற்றினால், களம் காலியாகும் வாய்ப்பே அதிகம்.

கிளப்கள் கையாளும் தீர்வுகள்

தொழில்நுட்பம் இச்சிக்கலை முன்பை விட எளிதாக்கியுள்ளது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படிகங்களை மாற்றி ஓட்டிய காலத்தில், ஒரே படிகம் கொண்ட இருவர் ஒரே நேரத்தில் ஓட முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை வந்தபின் அந்தத் தடை நீங்கியது. ஒவ்வொரு வாகனத்திலும் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர், அதன் சுற்றுகளைத் தானாகவே பதிவு செய்கிறது. எனவே ஒரே சுற்றில் ஓடும் வாகனங்களுக்கு இரு தனி முடிவுப் பட்டியல்கள் தயாரிப்பது கடினமன்று.

பொதுவாக நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, கண்டிப்பான பிரிவு: பக்கி அளவுச் சட்டத்துக்குள் அடங்காத எந்த வாகனமும் அனுமதிக்கப்படாது. மாநில, தேசியப் போட்டிகளுக்கும் புள்ளித் தொடர்களுக்கும் இது பொருத்தமானது.

இரண்டாவது, கூட்டு ஓட்டம், தனி முடிவு: ஒரே அளவு வகுப்பைச் சேர்ந்த டிரக்குகளும் பக்கிகளும் ஒன்றாக ஓடும், இடங்கள் தனித்தனியே கணக்கிடப்படும். தொடக்கத்தில் பக்கிகள் முதலிலும், சில விநாடி இடைவெளியில் டிரக்குகள் அடுத்தும் புறப்படுவது மோதல்களைக் குறைக்கும்.

மூன்றாவது, திறந்த பிரிவு: எந்த வாகனமும் வரலாம், எடைக்கும் பேட்டரிக்கும் மட்டும் உச்சவரம்பு இருக்கும். இதில் வெற்றிக்குப் புள்ளிகள் இல்லை என்று முன்பே அறிவிக்கப்பட வேண்டும்.

நான்காவது, புதியவர் பிரிவு: வாகன வகை அல்ல, ஓட்டுநரின் அனுபவமே அளவுகோல். கடையில் வாங்கிய டிரக்குடன் வருபவருக்கு முதல் சில வாரங்கள் இங்கு இடம் கிடைக்கும். ஸ்லாஷ் வெளிவந்தபின் மாற்றமில்லாத ஸ்லாஷ் வாகனங்களுக்கென்றே பல கிளப்கள் தனிப் பிரிவு தொடங்கியதும் இதே நோக்கில்தான்.

முடிவாக

மாற்றியமைத்த டிரக்குக்கு பக்கி பிரிவில் இடம் உண்டா என்ற கேள்விக்கு அளவுகோலே விடை கூறுகிறது. அகலம், நீளம், எடை, மேலுடல், டயர், மோட்டார், பேட்டரி அனைத்திலும் விதியை நிறைவுசெய்தால் அது பக்கி; பிறந்த பெட்டியின் பெயரைக் காட்டி அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஒன்றில் தவறினால் அது டிரக். பக்கி முடிவுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. தடத்தில் இடமளிப்பதை மட்டும் அன்றைய எண்ணிக்கையையும் பாதுகாப்பையும் கருதி கிளப் முடிவு செய்யலாம்.

பதிவுக்கு முன் போட்டியாளர் சரிபார்க்க வேண்டியவை: சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே உள்ள அகலம், பேட்டரியுடன் சேர்ந்த எடை, பேட்டரியின் செல் எண்ணிக்கை, மோட்டாரின் சுற்று எண்ணிக்கை, பம்பரிலோ அச்சு முனைகளிலோ நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையான பகுதிகள். கிளப் நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்றே: எந்தப் பந்தயத்தில் எந்த விதி நடைமுறையில் உள்ளது என்பதை முதல் வாகனம் தடத்தில் இறங்கும் முன்பே எழுத்தில் அறிவிப்பது.